இரண்டாவது அடி

பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், கலர் பிறகு குடிக்கலாம். கெத்சியாள். திருமதி கெத்சியாள் ஆசீர்வாதம். 'பாடல்' என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, பக்கத்தில் இந்தப் பெயர். இதைக் கேட்கத்தானே பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள்? பாட்டைப் பதிவு செய்தாகிவிட்டது, எழுதினவர் பெயர்தான் பாக்கி என்று போனில் சொன்னீர்களே.

என்ன, பேனாவையே எடுக்கவில்லை. ஐயரம்மா வீட்டுக்குப் போய்விட்டா வருகிறீர்கள்? அதுதானே பார்த்தேன். ஏதாவது ஓதியிருப்பார்கள்.

முழிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பாதிரியாருக்கு ஐயர் என்று பெயர். அவர் சம்சாரம் ஐயரம்மா. பூணூல் போட்ட ஐயர் இல்லை, சபை ஐயர். போன ஐயரம்மா நல்ல மாதிரி. பண்டிகைக்கு முறுக்குச் சுட நம்மோடு சேர்ந்து தரையில் உட்காரும். இது அப்படி இல்லை. இது படித்தது. தியானத்தில் ஒரு படிப்பு இருக்கிறதாம், அதைச் சென்னையில் போய்ப் படித்ததாம். கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்காருவதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம். எங்கள் வீட்டு ஆடு மத்தியானம் முழுக்க அதைத்தான் செய்கிறது, பட்டம் வாங்காமல்.

நான் எட்டாவதோடு நின்றவள். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் இந்தச் சபையில் பாட்டு என்றால் கெத்சியாள்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பேராயர் வந்தால் வரவேற்புப் பாட்டு, ஐயர் மாற்றலாகிப் போனால் வழியனுப்புப் பாட்டு, கோயில் பண்டிகைக்கு ஒன்று, கல்யாண வீட்டுக்கு ஒன்று. பழைய மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வேன். மேலே 'நேசரே' என்று போட்டால் கீழே 'ராசரே'. மேலே 'பாசம்' என்றால் கீழே 'வாசம்'. குழம்புக்கு வெங்காயம் நறுக்கி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். பெண்கள் சங்கத்தில் வாசித்துக் காட்டுவேன், எல்லாரும் ஆமென் என்பார்கள், அவ்வளவுதான் விஷயம். இதற்குப் படிப்பு எதற்கு, மூச்சுப் பயிற்சி எதற்கு?

வந்த புதிதில் இந்த ஐயரம்மா என் பாட்டையெல்லாம் கேட்டார்கள். ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினேன், தொண்டை வறளப் பாடினேன். கடைசியில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "கெத்சியாள்க்கா, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா எல்லாமே ஒரே பாட்டு மாதிரி இருக்கே?" என்றார்கள். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால். வயலட் சிரித்தாள். அந்த வயலட்டுக்குப் பாட்டில் எங்கே மூச்சு விடுவது என்றே தெரியாது, அவள் சிரிக்கிறாள்.

நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. விட்டுவிட்டேன்.

பிறகு லெந்து வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வருகிற நோன்பு நாட்கள். ஈஸ்டர் முடிந்ததும் வட்டாரத்துப் பெண்கள் பண்டிகை. ஒவ்வொரு சபையும் புதுப்பாட்டு ஒன்று பாட வேண்டும், நல்ல பாட்டுக்குப் பரிசு. எப்போதும் நான்தான் எழுதுவேன். ஐயரம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? "இந்த வருஷம் பாட்டைக் கட்ட வேண்டாம். காத்திருந்து வாங்கிக்குவோம்." காத்திருந்து வாங்க இதென்ன ரேஷன் மண்ணெண்ணெயா என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். பக்கத்தில் இருந்தவளுக்குக் கேட்டது.

சனிக்கிழமை தோறும் காலையில், உலை வைக்கிற நேரத்தில், எங்களைக் கோயிலில் பாய் விரித்து உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் ஒரு மெழுகுவர்த்தி. கரண்டு இருக்கிறது, வெயில் பட்டையாக உள்ளே விழுகிறது, அதற்கு நடுவில் மெழுகுவர்த்தி. கண்ணை மூட வேண்டுமாம். மூச்சை இழுக்கும்போது மனதில் 'இயேசுவே' என்று சொல்ல வேண்டும், விடும்போது 'வந்தருளும்' என்று சொல்ல வேண்டும். "பாட்டைப் பத்தி யோசிக்காதீங்க. எதைப் பத்தியும் யோசிக்காதீங்க. காலிப் பாத்திரமா இருங்க. அவர் ஊத்தும்போது பாத்திரத்துல இடம் இருக்கணும். ஒரு வார்த்தை வந்தா, அது எதுவா இருந்தாலும், வாய்விட்டுச் சொல்லுங்க." இப்படி, காற்றிலே பஞ்சு போகிற மாதிரிக் குரலில். முடிக்கும்போது ஒரு சின்ன மணியை ஆட்டுவார்கள். பூசைக்கு ஆட்டுகிற மணி மாதிரி. என் வீட்டுக்காரர் அதைக் கேள்விப்பட்டு, "அடுத்தது சாம்பிராணியா?" என்றார்.

நான் கண்ணை மூடவில்லை. லெந்து முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட மூடவில்லை. யாராவது ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா? அதனால் யார் யார் என்ன செய்தார்கள் என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். உபதேசியார், ஐயருக்கு உதவியாக இருக்கிறவர், அவர் சம்சாரம் முதல் மூச்சிலேயே தூங்கிவிடும். குறட்டை வரும். ஐயரம்மா அதற்கும் ஒரு வியாக்கியானம் சொன்னார்கள், கர்த்தருக்குள் இளைப்பாறுதலாம். எஸ்தர்ராணி கண்ணை மூடிக்கொண்டே சேலையில் பிசிறு பிடுங்கிக்கொண்டிருப்பாள். ஐயரம்மா மட்டும் கல்லில் செதுக்கி வைத்த மாதிரி இருப்பார்கள். குதிகாலில் ஒரு வெடிப்புக் கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவளுக்கு அப்படிக் கால் இருக்குமா? அந்தக் காலை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் தியானம் செய்யலாம்.

ஒரு சனிக்கிழமை திடீரென்று வயலட் வாய்விட்டு, "புளி" என்றாள்.

புளி! புளி ஊறப்போடாமல் வந்துவிட்டாள், அது ஞாபகம் வந்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு. ஐயரம்மா கண்ணைத் திறக்காமலே, "ஆமென். சிலுவையில அவருக்குக் கொடுத்த காடி. அந்தப் புளிப்பு. எல்லாரும் அந்தப் புளிப்போட கொஞ்ச நேரம் இருங்க" என்றார்கள். நாங்கள் எல்லாரும் வயலட்டின் மீன் குழம்போடு கொஞ்ச நேரம் இருந்தோம். வெளியே வந்து, "ஏளா, உனக்கா தரிசனம் வந்துச்சு?" என்று கேட்டேன். "எனக்கு என்னக்கா தெரியும், வந்திருக்கும்போல" என்கிறாள். இவர்களை வைத்துக்கொண்டு பாட்டு வாங்கப்போகிறார்களாம்.

எனக்கு ஏதாவது வந்ததா என்று கேட்கப்போகிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது. எனக்கு அந்த லெந்து முழுக்கச் சளி. வீட்டில் வெங்காயம் நறுக்கும்போது 'நேசரே' என்று ஆரம்பித்தால், அந்தம்மா முகம் வந்து முன்னால் நிற்கும், தலையைச் சாய்த்துக்கொண்டு. சரி, 'அன்பரே' என்று ஆரம்பித்தால் அப்போதும் வந்து நிற்கும். வராமல் இல்லை. வந்ததைத்தான் நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இப்போது என் மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரஞ்சிதம் மைனி. என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. இதோ, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. அவள் வீட்டுக்காரர் பொன்னையா அண்ணாச்சி பக்கவாதம் வந்து வருஷக்கணக்காகக் கட்டிலில் கிடந்தார். சங்கத்தில் ஜெப விண்ணப்பம் கேட்பார்கள் இல்லையா, மைனி கைதான் முதலில் எழும். "எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு நடக்கணும்." ஒவ்வொரு வாரமும் அதே விண்ணப்பம், ஒரு வார்த்தை மாறாது. சங்கத்துக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆண்டவருக்கும் ஆகியிருக்கும். நான்கூட ஒரு நாள், "மைனி, வேற ஏதாவது கேட்டுப் பாருங்களேன்" என்றேன், விளையாட்டுக்கு. அடுத்த வாரமும் அதையேதான் கேட்டாள். விளையாட்டே தெரியாது அவளுக்கு.

லெந்து பாதியில் அண்ணாச்சி போய்விட்டார். அடக்கம் எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான்தான் கூடமாட நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் காபி என் வீட்டு அடுப்பில்தான்.

வீட்டுக்காரர் போன பொம்பளை கொஞ்ச நாள் வெளியே வராமல் இருக்க வேண்டாமா? அடுத்த சனிக்கிழமை தியானத்துக்கு வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல், பின்னால் தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை. பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நம் வீட்டு வாசலில் நின்று நம்மிடம் சொல்கிற மாதிரிச் சாதாரணமாக, "ஆண்டவரே, கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

புளிக்கு அத்தனை வியாக்கியானம் சொன்ன ஐயரம்மா இதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணியையும் ஆட்டவில்லை. மறந்துவிட்டார்கள். மணி அடித்தால்தானே எழுந்து போக முடியும்? எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறோம். எஸ்தர்ராணி பிசிறு பிடுங்கவில்லை. உபதேசியார் சம்சாரம்கூட எப்போதோ விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. எழுந்து போகலாம் என்றால், என்னவோ, கால் எழவில்லை. மரத்துப்போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உலை வற்றி, அரிசி அடிப்பிடித்து, பானை முழுக்கக் கருகல். எனக்கு வந்த கோபம்! கேட்பதற்கு ஒன்றுமில்லையாம்! எப்படிக் கேட்க இருக்கும்? பென்ஷன் வருகிறது. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். படுக்கையில் கிடந்த மனுஷனைத் தூக்கித் துடைக்கிற வேலையும் முடிந்தது. எல்லாம் இருக்கிறவளுக்குக் கேட்க என்ன இருக்கும்? அதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா? ஆண்டவர் இவளுக்குச் சொந்தக்காரரா, வழியிலே எட்டிப் பார்த்துவிட்டுப் போக? எனக்குக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. பானையைக் கவிழ்த்துப் போட்டுச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அந்த வாக்கியமே மண்டைக்குள் ஓடுகிறது. போ என்றாலும் போகவில்லை. கேக்கதுக்கு ஒண்ணுமில்ல, கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. தேய்க்கிற கைக்கும் அதற்கும் தாளம் சேர்ந்துகொண்டது. பானை வெளுத்து முடிகிற நேரம் மெட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய மெட்டு இல்லை. எங்கேயும் கேட்டதில்லை. அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்து பாடினேன்:

கேட்க ஒன்றும் இல்லை ஐயா, பார்க்கத்தான் வந்தேன்;
கேட்கும் முன்னே தந்தீர் ஐயா, பாடத்தான் வந்தேன்.

எப்படி? 'கேட்க', 'கேட்கும்'. 'பார்க்க', 'பாட'. நேசரும் இல்லை, ராசரும் இல்லை. இரண்டாவது அடி முழுக்க முழுக்க என்னுடையது. யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. இதற்கும் தியானத்துக்கும் என்ன சம்பந்தம்? மெழுகுவர்த்தி ஏற்றினேனா, மூச்சு இழுத்தேனா? வெறும் பானையை வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தேன், வந்தது. அவ்வளவுதான்.

சரணம் மூன்றும் அன்றைக்கே முடிந்துவிட்டது. சங்கத்தில் பாடிக் காட்டினேன். வயலட் வாயைத் திறந்தவள் மூடவில்லை. ஐயரம்மா கண்ணில் தண்ணீர். "கெத்சியாள்க்கா, இது உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கு" என்றார்கள். கொடுக்கப்படவில்லை, எழுதினேன் என்று சொன்னேன். காதில் விழவில்லை அவர்களுக்கு.

பண்டிகையில் பாடினோம். அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தபேலா வைத்து, கை தட்டி, பந்தல் முழுக்கச் சேர்ந்து பாடிவிட்டது. இரண்டாவது அடி வரும்போது ஒரு தட்டுக் கூட்டித் தட்ட வேண்டும், அதுவும் என் யோசனைதான். வேறு சபைப் பெண்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முதல் பரிசு எங்களுக்கு. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு மேடைப் பக்கமாக வந்து நிற்கிறேன். ஐயரம்மா மைக்கைப் பிடித்து என்ன சொன்னார்கள் தெரியுமா? "இந்தப் பாட்டை எங்க சபையில யாரும் எழுதலை. எங்க அமைதியில ஆவியானவர் கொடுத்தார்."

யாரும் எழுதலை! ஆவியானவர் என் வீட்டுப் புறக்கடைக்கு வந்து பானை தேய்த்தாரா? அவர் எதுகை பார்த்தாரா? ஜனங்கள் அல்லேலூயா என்கிறார்கள். நானும் சேர்ந்துதான் அல்லேலூயா சொன்னேன், எல்லாரும் பார்க்கிறார்களே. பரிசுக் கடிகாரத்தை வயலட் போய் வாங்கினாள். புளிக்குக் கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. நாங்கள் பாடும்போது ரஞ்சிதம் மைனி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முதல் அடி பாடினபோது அப்படியே உட்கார்ந்திருந்தாள், முகத்தை நிமிர்த்திக் கேட்டாள். இரண்டாவது அடி வந்தது, கையைத் தட்டினோம், எழுந்து வெளியே போய்விட்டாள். பார்த்தீர்களா? இரண்டாவது அடிதான் என்னுடையது. அதுதான் பொறுக்கவில்லை.

நான் விடவில்லை. மறுவாரமே ஐயரம்மா வீட்டுக்குப் போனேன். "பாட்டுக்கு என் பேரைப் போடணும்" என்றேன். நேராகக் கேட்டுவிட்டேன்.

"போடலாம்க்கா. அதுக்கு முன்னால ரஞ்சிதம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

"அவங்ககிட்ட எதுக்கு?"

"அந்த வார்த்தை அவங்களுக்குத்தானே வந்தது."

"வந்தது அங்க இருந்த எல்லார் காதுலயும்தான் விழுந்துச்சு. எழுதினது யாரு?"

"எழுதினது நீங்கதான். இல்லைன்னு சொல்லலை."

"அப்ப மைக்கில சொன்னீங்களே, யாரும் எழுதலைன்னு?"

"தப்புத்தான்க்கா. ஆனா ரெண்டு பேரு பேரையும் மைக்கில சொன்னா, அது எங்கேருந்து வந்ததுன்னு ஊரு முழுக்க அவங்களைத் துருவிக் கேக்கும். அதான் ஆவியானவர்னு சொல்லிட்டேன்."

கேட்டீர்களா கதையை! அவளைத் துருவக் கூடாதாம். என்னைத் துடைத்துப் போட்டுவிடலாமாம். "நீங்க கண்ணை மூடி என்னத்தை உக்காந்தீங்களோ, எனக்கு ஒரு எழவும் விளங்கலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கும் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு சிரிப்பு. "நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்தது நல்லதாப் போச்சுக்கா" என்கிறார்கள். குத்துகிறார்களா, கும்பிடுகிறார்களா என்று தெரியாத மாதிரிப் பேசுவதற்குத்தான் அந்தப் படிப்பு.

மைனியிடம் நான் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். பேசினேன். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மைனி, அன்னைக்கு ஏன் பாதியில எந்திரிச்சுப் போயிட்டிய?" என்றேன்.

"தாகமா இருந்துச்சு."

"பாட்டு நல்லால்லியா?"

துணியை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. அந்த ரெண்டாவது அடி யாருக்கு வந்துச்சோ, அவுக குடுத்து வச்சவுக" என்றாள்.

கேட்டுக்கொண்டீர்களா? அவள் வாயாலேயே. ஒத்துக்கொண்டாள். இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? நான் குடுத்து வச்சவள் என்று என் வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒருத்தர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். சுவரை விட்டு இறங்கி வந்தபோது எனக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது. அன்றைக்கு வைத்த மீன் குழம்பில் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன்.

இருந்தும் இந்த விண்ணப்ப நேரம் இருக்கிறதே, அதில் அவள் இப்போது கையே தூக்குவதில்லை. எல்லாரும் இது வேண்டும் அது வேண்டும் என்று சொல்வோம், அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

ஆகையினால் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆவியானவருக்கும் இருக்காது. அவருக்கு வேறு எத்தனையோ பாட்டு இருக்கிறது, எனக்கு இது ஒன்றுதான். ஒன்றுதான் என்றால்... மற்றதெல்லாம் இருக்கிறது, எவ்வளவோ இருக்கிறது. இந்த மாதிரி இது ஒன்று. எழுதுங்கள். கெத்சியாள்.

என்ன, எதைக் கேட்கிறீர்கள்?

அதுவா. அது ஒன்றுமில்லை, மைனிதான். அண்ணாச்சி படுத்திருந்த கட்டிலை வெயிலில் போட்டிருந்தாள், உள்ளே எடுத்துப் போடுகிறாளாக்கும். இந்த நேரத்தில் தினமும் இப்படித்தான் எதையாவது முனகுவாள். கவனிக்காதீர்கள்.

ஆமாம், அந்தப் பாட்டுத்தான். ஆனால் அவள் பாடுவது தப்பு. எத்தனை இழுப்பு இழுக்கிறாள் பாருங்கள், கை தட்ட எங்கேயாவது இடம் இருக்கிறதா? வார்த்தையையும் மாற்றிவிட்டாள். 'சும்மா பாத்துட்டுப் போவோம்னு' என்று பாடினால் அது எந்தத் தாளத்தில் உட்காரும்? இரண்டாவது அடிக்கு வரவே மாட்டாள், பாருங்கள். முதல் அடியிலேயே நின்றுகொண்டு, அதையே திரும்பவும், திரும்பவும். பாதியில் நிறுத்தினால் அது பாட்டே இல்லை. கேட்கிறவர்களுக்கு என்னவோ மாதிரி ஆகிவிடும். நான் தினமும் கேட்கிறேனே, எனக்குத் தெரியாதா? அடுப்பில் வைத்ததை மறந்து உட்கார்ந்துவிடுகிறேன் சில நாள்.

ஏம்மா, எங்கே எழுந்து போகிறீர்கள்? கலர் அப்படியே இருக்கிறது. போனை எடுத்து ஏன் சன்னலுக்கு வெளியே நீட்டுகிறீர்கள்? என்னம்மா இது? இங்கே பாருங்கள், பாட்டு எழுதினவள் இந்தப் பக்கம் இருக்கிறேன்.